டெபிட் கார்டு மட்டும் வைத்துக்கொண்டு: கடைக்காரர் அதை வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பல வருடங்களாக என்னிடம் இருப்பது டெபிட் கார்டு மட்டும்தான். கணக்கில் இருக்கும் பணத்துக்குள் செலவு செய்தால் போதும் என்று முடிவெடுத்தேன், இன்றுவரை அதில் மாற்றமில்லை. அன்றாடச் செலவுகளில் ஒரு தொல்லையும் இல்லை. மருந்து, துணிமணி, ரயில் டிக்கெட், இணையத்தில் வாங்கும் பொருள்கள் எல்லாம் அதிலேயே நடந்துவிடுகின்றன. இழுபறி வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஓட்டல் வரவேற்பு மேசை, வாடகைக் கார் அலுவலகம்.

அங்கேதான் "டெபிட் எடுக்க மாட்டோம், கிரெடிட் கார்டு இருக்கிறதா?" என்று கேட்பார்கள். கண்ணாடிக் கதவில் விசா, மாஸ்டர்கார்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும். என் கார்டிலும் அதே சின்னம்தான். அப்புறம் ஏன் வாங்க மறுக்கிறார்கள்? ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு விதியே நம் பக்கம் நின்றது.

அப்போது விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விதிப்படி, அவற்றின் சின்னம் பொறித்த எந்தக் கார்டை நீட்டினாலும் கடைக்காரர் வாங்க வேண்டியிருந்தது. கிரெடிட்டை ஏற்றால் டெபிட்டையும் ஏற்றே ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வால்மார்ட் உள்ளிட்ட கடைகள் 1996-இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. சண்டை, ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் கடைக்காரர் தரும் கட்டணத்தைப் பற்றியது. பின் நம்பர் அழுத்திச் செலுத்தும் டெபிட்டுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அதே டெபிட்டைக் கையெழுத்துப் போட்டுச் செலுத்தினால் கிட்டத்தட்ட கிரெடிட் அளவுக்கு வசூலித்தார்கள். வாடிக்கையாளரின் சொந்தப் பணத்தை அவர் கணக்கிலிருந்து எடுப்பதற்கு எதற்குக் கடனுக்கான கட்டணம் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன். 2003-இல் விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில் சமரசம் ஆனது. விசா 200 கோடி டாலரும் மாஸ்டர்கார்டு 100 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. 2004 ஜனவரி முதல் அமெரிக்கக் கடைக்காரர் கிரெடிட்டை மட்டும், அல்லது டெபிட்டை மட்டும், அல்லது இரண்டையும் ஏற்கலாம். ஆக, அங்கே கட்டாயம் என்பது போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

பிறகு கணக்கு தலைகீழானது. 2011 அக்டோபர் முதல் அமெரிக்காவின் பெரிய வங்கிகள் ஒரு டெபிட் பரிவர்த்தனைக்கு 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும், மோசடித் தடுப்புக்கென்று இன்னொரு சென்ட்டும்தான் வாங்கலாம் என்று உச்சவரம்பு வந்தது. அதனால் இன்று கட்டணத்துக்காக ஒரு கடைக்காரர் எதையாவது ஒதுக்க நினைத்தால், அது கிரெடிட்டாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் சட்டம் வேறு திசையில் போனது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டும் வணிகங்கள் ரூபே டெபிட் கார்டையும் யுபிஐயையும் ஏற்கும் வசதி வைத்திருக்க வேண்டும் என்று 2019-இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2020 ஜனவரி முதல் அவற்றுக்குக் கடைக்காரரிடம் எம்டிஆர், அதாவது பரிவர்த்தனைக்காக அவர் வங்கிக்குத் தரும் கட்டணம், வாங்கக் கூடாது என்றும் ஆனது. பெரிய வணிகங்களுக்கு மட்டுமான கட்டாயம் இது.

சரி, டெபிட்டுக்கான கட்டணம் குறைந்த பிறகும் ஓட்டலும் கார் நிறுவனமும் ஏன் தயங்குகின்றன? கவலை கட்டணத்தைப் பற்றியது இல்லை, பின்னால் வரக்கூடிய செலவைப் பற்றியது. காரைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஒரு கீறல் கண்ணில் படலாம், போக்குவரத்து அபராதம் வந்து சேரலாம். கிரெடிட் கார்டில் கடன் வரம்பு இருக்கும், அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டெபிட்டில் அதற்குள் கணக்கு காலியாகியிருந்தால் எடுக்க ஒன்றுமில்லை. அதனால்தான் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைக்கிறார்கள்.

இந்தப் பிடித்தம்தான் டெபிட் வைத்திருப்பவரை உண்மையிலேயே வதைப்பது. கிரெடிட்டில் முடங்குவது கடன் வரம்பு, டெபிட்டில் முடங்குவது நம் சொந்தப் பணம். ஒரு ஓட்டலில் அறையைக் காலி செய்தபோது வாடகைக்கு மட்டும் ரசீது தந்தார்கள். வங்கியின் செயலியைத் திறந்தால் கணக்கு இருப்பு என்று ஒரு தொகை, எடுக்கக்கூடிய தொகை என்று அதைவிட நன்றாகக் குறைந்த வேறொரு தொகை. வாடகையைப் பழைய பிடித்தத்தோடு இணைக்காமல் புதுப் பரிவர்த்தனையாகப் போட்டிருந்தார்கள். எனவே வாடகையும் போனது, பிடித்தமும் அப்படியே நின்றது. ஓட்டலில் கேட்டால் "நாங்கள் விடுவித்துவிட்டோம், வங்கியில் கேளுங்கள்" என்கிறார்கள். வங்கியில் கேட்டால் காலக்கெடு முடிந்தால் பிடித்தம் தானாக நீங்கிவிடும் என்கிறார்கள். நீங்கியது, ஆனால் அதற்குள் அந்த வாரச் செலவு முழுவதையும் அந்தக் குறைந்த தொகைக்குள் அடக்க வேண்டியிருந்தது.

கடைக்காரருக்கு மறுக்கும் உரிமை இருப்பதை நான் எதிர்க்கவில்லை. கடைசி நிமிடத்தில் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். நள்ளிரவில் பெட்டியோடு வந்து நிற்பவரிடம் டெபிட் ஆகாது என்பது அநியாயம். இதில் ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்த விதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடைக்காரரின் வங்கி கார்டு கொடுத்த வங்கிக்குத் தரும் கட்டணம் டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒன்றை ஏற்றால் மற்றதையும் ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். கூடவே, எந்தக் கார்டை ஏற்கமாட்டார்களோ அதைக் கடை வாசலிலும் பணம் செலுத்தும் இடத்திலும் தெளிவாக எழுதி வைக்க வேண்டும், இணையக் கடையென்றால் தளத்திலேயே சொல்ல வேண்டும் என்றார்கள். மறுக்கலாம், ஆனால் முன்பே சொல்லிவிட்டு மறுக்க வேண்டும். எல்லா நாடுகளிலும் இதே விதி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை என் வழக்கம் இது. அறையோ காரோ பதிவு செய்யும் முன் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேட்பேன்: டெபிட் ஏற்பீர்களா, எவ்வளவு பிடித்து வைப்பீர்கள், எத்தனை நாளில் விடுவிப்பீர்கள்? வாடகையை முன்பணமாகச் செலுத்தியிருந்தாலும் கேட்பேன், ஏனென்றால் இணையத்தில் டெபிட்டை வாங்கிக்கொண்டு, நேரில் போனதும் டெபாசிட்டுக்கு மட்டும் கிரெடிட் கேட்கும் இடங்கள் உண்டு. பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன், அதைக் காட்டியபின் மேலாளரைக் கூப்பிட்டுப் பேசி அறை கொடுத்திருக்கிறார்கள். பயணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, அதன் டெபிட் கார்டை மட்டுமே நீட்டுகிறேன். பிடித்தம் நீண்டாலும் வீட்டு வாடகைப் பணம் அதில் மாட்டுவதில்லை.