மாண்டிசோரி ஆசிரியர் டிப்ளமோ: சேரும் முன் ஒரு வார்த்தை

குழந்தைகள் பொருள்களைக் கையாண்டு தாங்களே கற்கும் மாண்டிசோரி முறையில் ஓராண்டு ஆசிரியர் டிப்ளமோவை முடித்தேன். அலைந்து திரிந்து ஆசிரியர் உரிமமும் வாங்கினேன். இப்போது 3 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளின் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். சேரலாமா என்று கேட்டால், தாராளமாகச் சேருங்கள் என்பேன். ஆனால் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. இதைப் பணம் கட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நான் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது அவதானிப்பு வகுப்பு. ஓரமாக நாற்காலியில் உட்கார வேண்டும். பேசக்கூடாது, உதவக்கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். முதல் நாள் "குழந்தைக்குச் சலிப்பு வந்துவிட்டது" என்று எழுதினேன். பயிற்சியாளர் அதைச் சுழித்து, "சலிப்பை எங்கே பார்த்தீர்கள்?" என்று பக்கத்தில் எழுதித் தந்தார். திருத்தி எழுதினேன்: "சன்னல் பக்கம் திரும்பினான். கை மட்டும் உருளையை விடவில்லை."

அந்த உருளைக் கட்டையில் 10 குழிகள், 10 உருளைகள், ஒவ்வொரு உருளைக்கும் அதன் அளவுக்கே ஒரு குழி. அந்தப் பையன் ஒன்றைக் கொஞ்சம் பெரிய குழியில் போட்டுவிட்டான். கடைசியில் ஓர் உருளை மிஞ்சியது, அது போகும் அளவுக்குக் குழி இல்லை. என் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான், எல்லாவற்றையும் வெளியே எடுத்தான், மறுபடி முதலிலிருந்து போட்டான். தப்பைக் கட்டையே சொல்லிவிட்டது, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு காலை நேரத்துக்காகவே இந்தப் பயிற்சிக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

செயல்முறை வகுப்புகளும் நன்றாகவே இருந்தன. இளஞ்சிவப்புக் கனசதுரங்களை அடுக்கும் பிங்க் டவரின் 10 கட்டைகளை, 1 செ.மீ. தொடங்கி 10 செ.மீ. வரை, ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து விரிப்பில் வைக்கவே ஒரு மதியம் பழகினோம். எண்ணிக்கை பழகும் தங்க மணிகளில் ஒற்றை மணியை ஒரு கையிலும் ஆயிரம் மணிக் கனசதுரத்தை மறு கையிலும் வைத்துப் பாருங்கள். ஆயிரம் என்றால் எவ்வளவு என்று அன்றுதான் எனக்கே கையில் உறைத்தது.

அப்புறம் மூன்று கட்டப் பாடம். செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து மாண்டிசோரி அம்மையார் எடுத்துக்கொண்ட முறை இது. உப்புத்தாள் எழுத்தை இரண்டு விரலால் தடவிக் காட்டி "இது ம" என்று சொல்ல வேண்டும். அடுத்து "ம எது, காட்டு". கடைசியாகத்தான் "இது என்ன?". நான் அவசரப்பட்டு மூன்றாவது கேள்விக்குத் தாவிவிட்டேன். அந்தக் குழந்தை அப்படியே வாயை மூடிக்கொண்டது. தெரியவில்லை என்றால் திருத்தாமல் முதல் கட்டத்துக்கே திரும்புங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருந்தார்கள்! அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது.

ஆல்பம், அதாவது ஒவ்வொரு பொருளையும் குழந்தைக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்ற பாடக் குறிப்பேடு, அதை எழுதும் வேலை மட்டும் அதிகம். பாதி இரவுகள் அதிலேயே போயின.

சரி, உரிமத்துக்கு வருகிறேன். சேரும் நாளில் பயிற்சி நிலையத்தில், "எங்கள் சான்றிதழ் ஒன்றே போதும்" என்றார்கள். நான் விண்ணப்பித்தபோதோ குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, முதலுதவிச் சான்று, வகுப்பாசிரியர் கையெழுத்திட்ட கற்பித்தல் மணிக்கணக்கு என்று வரிசையாகக் கேட்டார்கள். நிலையத்தாரோ நான் உட்கார்ந்து பார்த்த மணிநேரத்தையும் பாடம் நடத்திய மணிநேரத்தையும் ஒரே பதிவேட்டில் கலந்து எழுதி வைத்திருந்தார்கள், கையெழுத்தும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. ஆறு வாரம் மறுபடி கற்பித்தல் பயிற்சிக்குப் போனேன். குழந்தைகளோடு இருந்த அந்த வாரங்கள் வீணில்லை. ஆனாலும் முன்பே சொல்லியிருக்க வேண்டியதை மறைத்தது பெரிய தவறு, அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மாண்டிசோரி என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். 1929-இல் அம்மையாரே தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கம் இன்றும் இருக்கிறது, வேறு அமைப்புகளும் இருக்கின்றன. உங்கள் சான்றிதழ் யாருடையது, உரிமம் தரும் அலுவலகம் அதை ஏற்குமா என்று அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். 3 முதல் 6 வயதுக்கான டிப்ளமோவை வைத்துக்கொண்டு கைக்குழந்தைகள் வகுப்புக்குப் போக முடியும் என்று நினைத்துவிடாதீர்கள், அதற்குப் பயிற்சியே தனி.

முதலுதவி வகுப்பை வெறும் தாளுக்காகப் போகிற இடமாக நினைக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் முதுகில் 5 தட்டு, பிறகு மார்பில் 5 அழுத்தம். பொம்மையில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். நாள் முழுக்கச் சின்னச் சின்ன மணிகளோடு புழங்கும் நமக்கு இது கையோடு வர வேண்டும்.

எங்கள் வகுப்புக்கு இப்போது ஒரு பெண் பயிற்சிக்கு வருகிறார். பார்த்த மணிநேரம் ஒரு பக்கம், நடத்திய மணிநேரம் எதிர்ப்பக்கம் என்று முதல் நாளே அவர் நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். மாலையில் அவர் பையை எடுக்கும்போது, "கையெழுத்து வாங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.