கிரையோ பம்பா, டர்போ பம்பா?

யாழ்ப்பாணத்துக் கடற்காற்றில் ஈரம் கூட. சோதனைக் கலனை ஒருக்கால் திறந்து மூடினாலே உட்சுவரில் நீராவி ஒட்டிவிடும். பம்ப் வைத்துக் கலனின் காற்றை ஏறக்குறைய முழுவதும் எடுத்து உயர் வெற்றிடம் உண்டாக்க, அதுதான் பெரிய தொல்லை.

நீராவியைப் பிடிப்பதில், வாயுவைக் கடுங்குளிர்த் தட்டுகளில் உறையவைக்கும் கிரையோ பம்ப் கெட்டிக்காரன். ஏறக்குறைய 80 கெல்வினில் இருக்கும் முதல் தட்டிலேயே அது பனியாகிவிடும். 20 கெல்வினுக்கும் கீழான அடுத்த தட்டில் நைதரசனும் ஒட்சிசனும் உறையும். அங்கேயும் உறையாத ஐதரசனையும் ஈலியத்தையும் தட்டின் உட்புறம் ஒட்டிய கரி உறிஞ்சும். ஆனால் பிடித்ததெல்லாம் உள்ளேயேதான் கிடக்கும். கரண்ட் நீண்ட நேரம் நின்றால் தட்டு சூடேறி, அத்தனை வாயுவும் விடுபட்டுவிடும்.

டர்போ பம்பின் விசிறித் தகடுகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழன்று வாயுவை வெளியே தள்ளும்; அதனால் பம்ப் நிரம்பாது. அது தள்ளும் வாயுவை வெளிக்காற்றில் சேர்க்கப் பின்னால் இன்னொரு பம்ப் வேண்டும், சரி.

இங்கே மாணவர் ஆய்வுகூடத்துக்கு டர்போதான் என் தெரிவு. பெரிய கலன் என்றால் கிரையோ, கூடவே ஜெனரேட்டரும்.