குன்னூர் ஈரத்தில் குயில்ட் தைக்க எந்த மெஷின்?

அம்மாவின் கறுப்பு கால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஐந்து வருடத்துக்கு முன் வீட்டில் பேச்சு வந்தது. அப்போது என் மேசையில் புத்தம்புது கம்ப்யூட்டர் தையல் மெஷின் உட்கார்ந்திருந்தது. அம்மாதான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இன்று நான் தைக்கும் குயில்ட் ஒவ்வொன்றும் அந்தக் கறுப்பு மெஷினில்தான் முடிகிறது. நடுவில் சில மாதங்கள் குன்னூர் ஓட்டுப்பட்டறைப் பகுதியில் ஒரு தோழியின் தையல் கூடத்தில் பவர் மெஷினிலும் தைத்தேன். கோத்தகிரியில் இருக்கும் நாத்தனாரிடம் ஊசி இடமும் வலமும் நகர்ந்து வளைத்தும் தைக்கக்கூடிய சாதாரண மோட்டார் ஜிக்ஜாக் மெஷின் இருக்கிறது, அதையும் அவ்வப்போது இரவல் வாங்கி ஓட்டியிருக்கிறேன். எதை வாங்குவது என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டதால், பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

குயில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே வெட்டி இணைத்த துணித் துண்டுகள், நடுவில் பஞ்சு ஷீட், அடியில் முழுத் துணி. துண்டுகளைக் கால் அங்குல விளிம்பு விட்டு இணைக்கும் வேலைக்கு எந்த மெஷினும் போதும். நேராகத் தைத்தால் சரி. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான் மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் தெரியும்.

காரணம் இதுதான். தகட்டுக்குக் கீழே இருக்கும் பற்கள் அடித் துணியைப் பின்னால் இழுக்கின்றன. மேலே அழுத்தும் ஃபுட்டுக்குப் பல் கிடையாது, அது மேல் துணியைத் தடுத்துப் பிடிக்கிறது. நடுவில் பஞ்சு இருப்பதால் இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. ஒரு மீட்டர் தைத்து முடிப்பதற்குள் மேல் துணி பின்தங்கி, ஓரத்தில் சுருக்கமாகக் குவிந்து நிற்கும். இதற்கு வழி வாக்கிங் ஃபுட். அதற்குத் தனியாகப் பற்கள் உண்டு. அதன் பக்கத்தில் இருக்கும் கவட்டை ஊசித் தண்டின் திருகில் உட்காரும். ஊசி ஏறி இறங்க ஃபுட்டும் ஏறி இறங்கி, மேல் துணியையும் அதே அளவு நகர்த்தும். எந்த மெஷின் வாங்கினாலும் இதை வாங்காமல் குயில்ட் தைக்க உட்காராதீர்கள்.

மோட்டார் ஜிக்ஜாக் மெஷினிலிருந்து தொடங்குகிறேன். உஷா ஜனோம் வகையறா, கடைக்குப் போனால் முதலில் காட்டுவது இதைத்தான். எடை குறைவு, பஸ்ஸில்கூட மடியில் வைத்துக் கொண்டு வந்துவிடலாம். ஊசிக்கு மேல் பல்பு இருப்பது, மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கும் ஊரில் பெரிய உபகாரம். துணி உருவங்களை ஒட்டித் தைக்கும் அப்ளிக் வேலைக்கு ஜிக்ஜாக் தேவை, அதைக் கறுப்பு மெஷின் தராது. குழந்தைக்கான சிறு குயில்ட், மெத்தை உறை, தலையணை உறை இவற்றோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இதுவே போதும் என்று தாராளமாகச் சொல்வேன். ஆனால் இரட்டைக் கட்டில் அளவு போர்வையை இதில் ஏற்றினால், துணியின் கனமே மெஷினை இழுக்கிறது. நாத்தனார் வீட்டில் ஒருமுறை ஒரு ஆள் எதிரே நின்று போர்வையைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது.

கம்ப்யூட்டர் மெஷின் அதே குடும்பத்தின் மூத்த பிள்ளை. நூற்றுக்கணக்கில் அலங்காரத் தையல்கள் வரும். குயில்ட்டுக்கு வேண்டியது ஒரே ஒரு நேர்த்தையல். கறுப்பு சிவப்பில் தோடர் பூவேலை மாதிரி இந்த மெஷினில் வருமா என்று வாடிக்கையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். வராது. தோடர் பெண்கள் துணியின் இழையை எண்ணி எண்ணிக் கையால் போடும் வேலை அது, 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அதை மெஷினில் போலியாகச் செய்து விற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அலங்காரத் தையல்களுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

பவர் மெஷின் வேறு ரகம். திருப்பூர் பக்கம் ஜூக்கி என்றே பொதுப்பெயர் ஆகிவிட்ட தொழிற்சாலை மெஷின். ஊசிக்கும் மெஷினின் தூணுக்கும் நடுவே சுமார் பத்தரை அங்குலம் இடம் கிடைக்கும், வீட்டு மெஷினில் ஆறரை, ஏழுதான். பெரிய போர்வையைச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் தள்ளித்தான் நடுப்பகுதியைத் தைக்க முடியும் என்பதால், இந்த நான்கு அங்குலத்தின் அருமை தைத்தவர்களுக்குத் தெரியும். முழங்காலால் ஃபுட்டைத் தூக்கலாம், இரண்டு கையும் துணியிலேயே இருக்கும். பழைய கிளட்ச் மோட்டார் என்றால் தையல் பறக்கும், புதியவர்களுக்குப் பயமாக இருக்கும். சர்வோ மோட்டார் போட்டால் ஆமை வேகத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம், கரண்டும் மிச்சம். துணியை இஷ்டத்துக்கு வளைத்துத் திருப்பித் தைக்கும் ஃப்ரீ மோஷன் வேலைக்கு இதைவிடச் சுகமான மெஷினை நான் தொட்டதில்லை. இதில் நான் முழுதாக முடித்தவை மூன்றே குயில்ட்தான், அதனால் பத்து வருடப் பழக்கம் உள்ளவர் போலத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர் வரும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்குங்கள்.

நான் ஏன் வாங்கவில்லை? எங்கள் வீடு ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே. மெஷின் தலை மட்டுமே அரிசி மூட்டை கனம், மேசையும் மோட்டாரும் தனி. இறக்கிவிடலாம், நான்கு பேர் போதும். பழுதானால் திரும்ப ஏற்ற வேண்டுமே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சமவெளியில் இருப்பவர்கள் மெஷின் வாங்கும்போது வேகம், விலை, விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பார்கள். மலையில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, மழைக்காலத்தில் இதை யார் பராமரிப்பது என்பதுதான். தென்மேற்குப் பருவமழை ஊட்டி, கூடலூர் பக்கம் அதிகம். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. ஆனால் எந்த மழையானாலும் காற்றில் ஈரம் ஈரம்தான். அலமாரியில் துணி பூக்கிறது, தீப்பெட்டி நமத்துப் போகிறது. மெஷின் மட்டும் தப்பித்துவிடுமா?

குயில்ட் தைப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. பஞ்சு ஷீட்டிலிருந்து நுண்ணிய தூசு உதிர்ந்துகொண்டே இருக்கும். அது தகட்டுக்கு அடியில், பற்களுக்கு நடுவில், மேல்நூலை அடிநூலோடு கோக்கும் ஷட்டிலைச் சுற்றிப் படிகிறது. எண்ணெயில் ஊறுகிறது, காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. இரண்டு வாரம் கவனிக்காவிட்டால் கம்பளி மாதிரி கெட்டிப்பட்டுவிடும். அதை நகத்தால் பெயர்த்துப் பாருங்கள், அடியில் இரும்பில் செம்புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி ஷட்டில் முனையிலோ, அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸிலோ வந்துவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் நூல் அங்கே சிக்கி அறும். நூல் மட்டம், ஊசி மட்டம் என்று எதையெதையோ குறை சொல்லி நான் வீணாக்கிய நாட்கள் நிறைய.

கறுப்பு மெஷினில் இந்த இடம் முழுதும் என் கைக்கு எட்டும். தலையைப் பின்னால் சாய்த்தால் அடிப்பாகம் மொத்தமும் கண்ணுக்குத் தெரிகிறது. பாபின் கேஸைக் கழற்றி, ஷட்டிலையும் வெளியே எடுத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டி, ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு மாட்ட ஐந்து நிமிஷம். இதைக் கற்றுக்கொடுத்தவர் லோயர் பஜாரில் மெஷின் ரிப்பேர் செய்யும் அண்ணன். முதல்முறை திருப்புளியைக் கையில் வாங்கத் தயங்கினேன். “இதுல நீங்க உடைக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லக்கா, எல்லாம் இரும்பு. தைரியமா கழட்டுங்க” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை.

கம்ப்யூட்டர் மெஷினில் எனக்கு நடந்தது வேறு. இரண்டாவது மழைக்காலத்தில், கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு வாரத்துக்குப் பிறகு, திரையில் எழுத்து வந்தது, மோட்டார் சுற்றவில்லை. உள்ளே இருக்கும் போர்டு போய்விட்டது என்றார்கள். குன்னூரில் அதைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம், போர்டு வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஆறு வாரம் ஆயிற்று. தீபாவளிக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட இரண்டு போர்வையையும் அம்மாவின் மெஷினில்தான் முடித்தேன், அப்படித்தான் அதற்குத் திரும்பினேன். எந்த கம்பெனி என்பது இங்கே பேச்சில்லை. ஈரமும் ஏறி இறங்கும் வோல்டேஜும் சேர்ந்தால் எந்த எலக்ட்ரானிக் சாமானுக்கும் கஷ்டம்தான். சாதாரண ஜிக்ஜாக்கில் போர்டு தொல்லை இல்லை, ஆனால் பல மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் இருக்கும். மூடியைக் கழற்றாமல் அங்கே எட்ட முடியாது.

பவர் மெஷினுக்கு ஈரத்தில் ஒரு பலம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அடியில் எண்ணெய்த் தொட்டி, ஓடும்போது தானே எல்லா இடத்துக்கும் எண்ணெய் ஏறும். தினமும் ஓடினால் துரு கிட்டே வராது. பத்து நாள் சும்மா கிடந்து பிறகு ஓட்டினால்தான் வம்பு, முதல் கொஞ்ச நேரம் ஊசித் தண்டிலிருந்து எண்ணெய் கசிந்து துணியில் சொட்டலாம். வெள்ளைத் துணியை அப்போது வைக்காதீர்கள்.

எண்ணெய் பற்றி ஒன்று. அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். குன்னூரில் பாதி நாள் குளியலறைப் பாட்டிலிலேயே அதைப் பார்க்கிறோம். மெஷினுக்குள்ளும் அதேதான், நாளடைவில் பிசினாகி ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் மெஷின் “இறுகிப்போச்சு” என்று பழைய இரும்புக்குப் போகவிருந்ததே இதனால்தான். அந்த அண்ணன் எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பழைய பிசினைக் கரைத்து எடுத்தார். பிறகு மெஷின் ஆயில். புது பெல்ட், புது பாபின் கேஸ், ஒரு வாக்கிங் ஃபுட், அவர் கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. மார்கழிக் குளிரில் நல்ல ஆயிலும் காலையில் மந்தமாகத்தான் இருக்கும். நூல் கோக்காமல் இரண்டு நிமிஷம் மிதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கறுப்பு மெஷினில் குறை இல்லையா? இருக்கிறது. தோல் பெல்ட் ஈரத்தில் தளர்ந்துவிடும், வருடத்துக்கு ஒருமுறையாவது அரை அங்குலம் வெட்டிக் கொக்கி மாட்ட வேண்டும். பல்பு கிடையாது. சக்கரம் நம் பக்கமாகச் சுற்ற வேண்டும், மிதி தவறிப் பின்னால் சுற்றினால் நூல் குழம்பும், பழக ஒரு வாரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், மோட்டார் மாட்டிக்கொள்ளலாம். இடம் குறைவு என்பதால் பெரிய போர்வையை இரண்டு பக்கமிருந்தும் இறுக்கிச் சுருட்டி, நடுவிலிருந்து வெளியே நோக்கித் தைக்க வேண்டும். ஃப்ரீ மோஷனை இதில் மெத்தை உறை அளவில்தான் செய்து பார்த்திருக்கிறேன். காலும் கையும் ஒரே தாளத்தில் வர வேண்டும், எனக்கு இன்னும் முழுதாக வசப்படவில்லை. கடை டெய்லர்கள் வைத்திருக்கும் கனமான அம்ப்ரல்லா மெஷினை இதற்குச் சிலர் நல்லது என்கிறார்கள், நான் அதில் தைத்தது குறைவு.

ஆனால் மூன்றடுக்கு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும் முடிச்சு இடங்களில், கையால் சக்கரத்தைப் பிடித்து ஒவ்வொரு தையலாக இறக்க முடிவது இந்த மெஷினின் சுகம். மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் ஜன்னலோரம் போட்டுத் தைக்கலாம். அரசின் இலவசத் தையல் மெஷின் திட்டத்தில் கிடைத்த கால் மெஷின் எத்தனையோ வீடுகளில் துணி மூடிக் கிடக்கிறது. உங்கள் வீட்டிலோ சித்தி வீட்டிலோ ஒன்று இருந்தால், கடைக்குப் போகுமுன் அதைத் திறந்து பாருங்கள்.

மூடி வைப்பதற்கு பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும். பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு போதும். ஊசிகளைக் காகிதப் பொட்டலத்தில் விடாமல் கம்பளித் துண்டில் குத்தி வையுங்கள். இணைக்க 14-ஆம் நம்பர், மூன்றடுக்குக்கு 16. ஒரு குயில்ட் முடிந்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு சாண் அகலம், ஒரு கை நீளத்துக்கு மூன்றடுக்குத் துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள். விற்பவர் ஒற்றைத் துணியில் தைத்துக் காட்டுவார், அதில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். முதலில் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், ஒரு சுற்றில் எங்காவது இறுகி விடுகிறதா என்று தெரியும். தலையைச் சாய்த்து ஷட்டிலை விரல் நுனியால் தடவுங்கள், சொரசொரப்பு இருந்தால் அந்தப் பாகத்தின் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பிறகு உங்கள் துண்டை வைத்து, வாக்கிங் ஃபுட் இல்லாமலேயே ஒரு கோடு தையுங்கள். மேல் துணி கொஞ்சம் நழுவத்தான் செய்யும், அது பரவாயில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தையல் விட்டுவிட்டு விழுந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.