ஜன்னலா, விளக்கா, வெளியே வைத்த கேனா? வசந்த நடவுக்கு நாற்று வளர்க்கும் மூன்று வழிகள்

குளிர்காலம் முடிய இன்னும் ஆறேழு வாரம் இருக்கும்போதே கை பரபரக்கத் தொடங்கிவிடும். விதைப் பொட்டலங்களை மேசையில் பரப்பி, போன வருடத்து மிச்சம் எது, புதிதாக வாங்கியது எது என்று பிரித்து வைத்ததும் அடுத்த கேள்வி வந்து நிற்கும். வெளியே மண் இன்னும் கல்லாகக் கிடக்கிறது, நாற்றை எங்கே வளர்ப்பது? நான் மூன்று வழியும் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு வருடம் ஜன்னல் ஓரம், அப்புறம் மூன்று வருடம் விளக்கு, கடைசி இரண்டு வசந்தமாக வெளியே வைத்த பிளாஸ்டிக் கேன். என் ஓட்டு கேனுக்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா விதைக்கும் அது சரிவராது.

நாற்றை விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நாலைந்து செடி மட்டும் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம். வேண்டிய ரகத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், இருபது முப்பது செடி வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்த அலசல்.

எந்த வழியில் போனாலும் முதலில் பழைய விதைகளைச் சோதித்துவிடுங்கள். ஈரக் காகிதத்தில் பத்து விதையைச் சுருட்டி, ஒரு பையில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் பத்து நாளில் எத்தனை முளைக்கிறது என்று தெரிந்துவிடும் (மிளகாய்க்கு மட்டும் இன்னும் பத்து நாள் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்). தக்காளி விதை நான்கைந்து வருடம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே சந்தேகம்தான். வெங்காயத்துக்கு ஒவ்வொரு வருடமும் புது விதை வாங்குவதே நல்லது.

சரி, ஜன்னல். செலவே இல்லை என்பதால் எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறோம். குளிர்காலக் கடைசியில் பகல் குறுகியது, வெயிலும் சாய்ந்து வரும், ஜன்னலுக்குத் தெரிவதோ வானத்தில் ஒரு பக்கம் மட்டும். நாற்று வெளிச்சத்தைத் தேடி நூலாக நீண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். 1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் நாற்றுகளின் நுனியை மூடி வைத்துப் பார்த்தார்கள். நுனியை மூடினால் நாற்று வளையவில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே இருக்கும் தண்டு என்று அதிலிருந்து தெரிந்தது. தட்டைத் தினமும் திருப்பி வைத்தால் இந்தச் சாய்வு சரியாகும், நீட்சி சரியாகாது. நானும் விடாமல் திருப்பி வைத்தேன். நேராக நின்றாலும் வித்திலைக்குக் கீழே தண்டு விரல் நீளத்துக்கு வெளுத்துப் போய் நின்றது. இரவில் கண்ணாடி ஓரம் சில்லிட்டு மண் குளிர்ந்துவிடுவதால் மிளகாய் முளைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். தக்காளி நீண்டுவிட்டால் கழுத்துவரை புதைத்து நடலாம், தண்டிலிருந்தே வேர் விடும். மிளகாய்க்கும் முட்டைக்கோஸுக்கும் அந்தச் சலுகையை நம்பிப் போக முடியாது. ஜன்னலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

விளக்கு நிஜமாகவே நல்ல வழி. அதை விட்டுவிட்டேன் என்பதால் குறைத்துச் சொல்ல மாட்டேன். செடிக்கென்று விற்கும் ஊதா விளக்குதான் வேண்டும் என்பதில்லை. 5000 முதல் 6500 கெல்வின் வரை உள்ள சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல் இரண்டை ஒரு அலமாரித் தட்டின் அடியில் கட்டி, ஒரு டைமரைப் போட்டு, தினமும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் போதும். இரவில் கட்டாயம் அணைக்க வேண்டும். தொடர்ந்து 24 மணி நேரமும் வெளிச்சம் பட்டால் தக்காளி இலை மஞ்சள் பாரித்துக் கெட்டுவிடும். சாதாரணக் குழல் என்றால் நாற்றுக்கு ஒரு சாண் உயரத்துக்கு உள்ளேயே இருக்கட்டும், செடி வளர வளர அதையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அடியில் வெப்ப விரிப்பு ஒன்றைப் போட்டு மண்ணை 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்தால் மிளகாயும் கத்தரியும் சொன்ன பேச்சு கேட்கும். விளக்கடியில் வளர்ந்த என் தக்காளி நாற்றுகள் குட்டையாக, கரும்பச்சையாக, தண்டு பென்சில் பருமனுக்கு நின்றதைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாற்றழுகல் என்ற தலைவலியும் இங்கே உண்டு. முந்தின நாள் நன்றாக இருந்த நாற்று மறுநாள் காலையில் மண்ணை ஒட்டிய இடத்தில் நூல்போல் இறுகிப் படுத்துக் கிடக்கும். ஈரமும் காற்றோட்டக் குறைவும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சின்ன மின்விசிறி ஒன்றும், மேலே தெளிக்காமல் தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுவதும் எனக்குப் பெரும்பாலும் கைகொடுத்தன.

அப்படியென்றால் ஏன் விட்டேன்? நடவுக்கு முந்தின பத்து நாளுக்காக.

நாற்றை வெயிலுக்குப் பழக்குவது என்று ஒரு வேலை இருக்கிறது. விதைப் பொட்டலத்தின் பின்புறம் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நன்றாக விளக்கெரியும் ஒரு அறையில் வெளிச்சம் சுமார் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். நாற்றுக்கு மேலே நெருக்கிக் கட்டிய குழலின் அடியில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கும். வெளியே உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், புற ஊதாக் கதிரும் கூடவே வரும். வீட்டுக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லிசாக இருக்கும், தண்டுக்குக் காற்று என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம், அப்புறம் காலை இளவெயில் கொஞ்சம் என்று ஏழு முதல் பத்து நாள் வரை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி உள்ளே எடுக்க வேண்டும். ஆறு தட்டு இருந்தால் காலையில் ஆறு முறை படி இறங்கி, மாலையில் ஆறு முறை ஏறுவது. காற்று பலமாக அடித்தால் பாதியில் ஓடிவந்து எடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் இதை எந்த நேரத்தில் செய்வார்கள்?

மூன்றாவது வருடம், பழக்கத் தொடங்கிய நான்காம் நாள், தட்டுகளைச் சுவரோரம் நிழலில் வைத்துவிட்டு ஒரு வேலையாக வெளியே போனேன். திரும்பி வரும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. நிழல் நகர்ந்துவிட்டது. முட்டைக்கோஸ் பரவாயில்லை, தலையைத் தொங்கப் போட்டிருந்தது, தண்ணீர் விட்டதும் எழுந்துவிட்டது. தக்காளி அன்றைக்கு நன்றாகத்தான் தெரிந்தது. மறுநாள் காலையில் மேலிலைகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், தொட்டால் காய்ந்த வெங்காயத் தோல்போலச் சரசரத்தன. சாகவில்லை, புது இலை விட்டுத் தேறின. ஆனால் எட்டு வாரம் விளக்கைப் பார்த்துப் பார்த்து ஏற்றி, விசிறி போட்டு வளர்த்ததெல்லாம் ஒரே பிற்பகலில் பின்னுக்குப் போய்விட்டதே என்ற வருத்தம் அந்தப் பருவம் முழுக்க இருந்தது.

நாற்று முதல் நாளிலிருந்தே வெளியே இருந்தால் இந்த வேலையே கிடையாது. கேன் முறையின் பலம் இதுதான், மற்றதெல்லாம் உபரி.

நான்கைந்து லிட்டர் பிடிக்கும், வெளிச்சம் உள்ளே புகும் வெளிறிய பிளாஸ்டிக் கேன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் அடர்ந்தது ஆகாது. அடியில் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, நடுவில் சுற்றிலும் வெட்டி, கைப்பிடிப் பக்கம் இரண்டு விரற்கடை மட்டும் வெட்டாமல் விட்டால் அதுவே கீல். கீழ்ப்பாதியில் மூன்று நான்கு அங்குலம் நல்ல மண்கலவை. தோட்டத்து மண் வேண்டாம், இறுகிப் போகும். முழுக்க நனைத்து, அதிகத் தண்ணீர் வடிந்ததும் விதைத்து, மேல்பாதியை மடக்கி டேப் ஒட்டிவிட வேண்டும். மேலே திருகு மூடி வேண்டாம், அந்த வாய் வழியாகத்தான் மழையும் காற்றும் உள்ளே போகும். அப்புறம் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வர வேண்டியதுதான். கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில் வைக்காதீர்கள், மழை படாது. காற்றில் உருளாமல் இருக்க நான் ஒரு பழைய கூடையில் நெருக்கி அடுக்குகிறேன்.

பனி கொட்டட்டும், உறையட்டும், மறுபடி இளகட்டும். விதை உள்ளே சும்மா கிடக்கும், தனக்குத் தோதான சூடு வந்ததும் முளைக்கும். முட்டைக்கோஸ், கேல், லெட்டூஸ், பசலை, வெங்காயம் எல்லாம் சில்லென்ற மண்ணிலேயே எழுந்துவிடும். லாவெண்டர், டெல்ஃபினியம் மாதிரிப் பூச்செடிகளுக்கு ஈரத்தோடு சில வாரம் குளிரில் கிடந்தால் முளைப்பு நன்றாக இருக்கும். அதற்காகத்தான் குளிர்சாதனப் பெட்டியில் ஈரத் துணியில் சுற்றி வைப்போம், அந்த வேலை இங்கே தானாக நடந்துவிடுகிறது. தண்ணீர் விட வேண்டுமா என்று பார்ப்பதும் சுலபம். காலையில் உள்சுவரில் முத்து முத்தாக நீர்த்துளி இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், இல்லையென்றால் மட்டும் ஊற்றலாம். முதல் ஐந்தாறு வாரம் நான் அந்தப் பக்கம் போனதே நாலைந்து முறைதான்.

கவனம் தேவைப்படுவது முளைத்த பிறகு. வெயில் அடிக்கும் நாளில், வெளியே குளிர் போகாவிட்டாலும், மூடிய கேனுக்குள் சூடு சரசரவென்று ஏறிவிடும். ஒருநாள் ஸ்வெட்டரோடு போய் ஒரு கேனைத் திறந்தேன், இட்லிப் பானையைத் திறந்ததுபோல முகத்தில் ஆவி அடித்தது. அன்றிலிருந்து வெயில் நாளில் காலையிலேயே டேப்பைப் பிரித்து மேல்பாதியைச் சாய்த்துத் திறந்து வைத்துவிட்டு, இரவு மூடுகிறேன். ஒரு நிமிட வேலை, தட்டு எதையும் சுமக்க வேண்டியதில்லை.

பெயர்ச்சீட்டு விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம். முதல் வருடம் கேனின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினேன். வசந்தம் வந்தபோது வெயிலில் அத்தனையும் வெளுத்துப் போயிருந்தது. கேலும் முட்டைக்கோஸும் பிராக்கோலியும் நாற்றுப் பருவத்தில் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும், எது எதுவென்று தெரியாமலேயே நட்டேன். இப்போது பிளாஸ்டிக் குச்சியில் சாதாரணப் பென்சிலால் எழுதி உள்ளே குத்திவிடுகிறேன். பென்சில் எழுத்து வெயிலுக்கு வெளுக்காது.

தக்காளிக்குக் கேன் சரிவருமா என்று கேட்டால் ஒரே ஒரு வசந்தத்து அனுபவத்தை வைத்துத்தான் பேச முடியும். மற்றவற்றோடு சேர்த்து விதைக்காமல், கடைசி உறைபனிக்கு நான்கைந்து வாரம் முன்னால் விதைத்தேன். முளைத்ததும் உறைபனி எச்சரிக்கை வந்த இரண்டு இரவு பழைய போர்வையால் போர்த்தினேன், தக்காளி உறைபனியைத் தாங்காது. விளக்கடியில் வளர்ந்த நாற்று ஒரு முழம் இருந்தபோது இது ஒரு சாண்கூட இல்லை. நட்ட பிறகு அது ஒரு வாரம் முறைத்துக்கொண்டு நின்றது, இது மறுநாளே இலை விட்டது. முதல் பழம் விளக்குச் செடியில்தான், ஆனால் வித்தியாசம் இரண்டு வாரம்கூட இல்லை. கோடை குறுகிய இடத்தில் அந்த இரண்டு வாரமே பெரிதாக இருக்கலாம், அங்கே விளக்கையே நம்புவது நல்லது.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் கேனைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் மண் நன்றாகச் சூடேற வேண்டும், அதுவரை வெளியே காத்திருந்தால் காய்க்கும் நாள் தள்ளிப் போய்விடும். அதனால் விளக்கை முழுசாகக் கழற்றவில்லை, ஒரே ஒரு தட்டு, மிளகாயும் கத்தரியும் மட்டும். கடைசி உறைபனிக்கு எட்டுப் பத்து வாரம் முன்னால் விதைக்கிறேன். வெயிலுக்குப் பழக்கும் வேலை அவற்றுக்கு இருக்கிறதுதான், ஆனால் ஒரு தட்டைத் தூக்கி வைப்பது பெரிய விஷயமில்லை. மீதி எல்லாம், இந்த வருடக் கணக்கில் பதினான்கு கேன், போன வாரமே வெளியே போய்விட்டன. நேற்று இரவு பெய்த பனியில் வாய் மட்டும்தான் வெளியே தெரிகிறது.