அமெரிக்க காலேஜ் எஸ்ஸே கோச்சிங்குக்குப் பணம் கட்டப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு வெளிநாட்டுப் படிப்பு கன்சல்டன்சியில் கட்டினேன், அமெரிக்க காலேஜ் விண்ணப்பத்தோடு என் மகள் தன்னைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டிய எஸ்ஸேக்கு உதவுவார்கள் என்று. பேரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள், அதனால் போடவில்லை.

பணம் கட்ட வைத்தது எது தெரியுமா? அந்த கவுன்சிலர் மேடம் போனைக்கூடத் தொடாமல் என் மகள் பேசுவதைக் கேட்டார். இவள் சாயங்காலம் அப்பாவின் லேத் பட்டறையில் உட்காருகிறவள். அளவு மயிரிழை தப்பி, பம்ப் ஷாஃப்ட் ஒரு லாட் மொத்தமும் திரும்பி வந்ததையும், அன்றைக்கு அப்பா சாப்பிடாமல் படுத்ததையும் சொன்னாள். "இதுதான்டா கண்ணு உன் எஸ்ஸே. இதை வேற யாரும் எழுத முடியாது" என்றார் மேடம். வீட்டுக்கு வந்ததும் முழுத் தொகையையும் அனுப்பிவிட்டேன்.

பல அமெரிக்க காலேஜுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கிற வெப்சைட்தான் காமன் ஆப். அதில் மெயின் எஸ்ஸேக்கு அதிகபட்சம் 650 வார்த்தைதான். வந்த டிராஃப்டில் பட்டறையைப் பற்றி ஒரு வரி இல்லை! என் மகள் குடிசைப் பகுதிக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாளாம். லட்சுமி என்கிற சிறுமி அழுததைப் பார்த்து இவள் வாழ்க்கையே மாறிவிட்டதாம். யாருங்க அந்த லட்சுமி? கூகுள் டாக்கில், எப்போது என்ன எழுதினார்கள் என்று காட்டுகிற வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால், முழுக் கட்டுரையும் ராத்திரி ஒரே தடவையில் பேஸ்ட் ஆகியிருக்கிறது. அங்கேயே சேர்ந்த இவள் கிளாஸ்மேட்டுக்கும் அதே முதல் பத்தி. அவளுக்கு லட்சுமி இல்லை, மீனா. ஒரே மாவில் ரெண்டு தோசை, தலைக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

கேட்டால், "மேடம் மீட்டிங்ல இருக்காங்க." அப்புறம், "எடிட்டர் யுஎஸ் டைம்ல தாங்க வருவாரு." அப்புறம், "காலேஜ்காரங்களுக்கு இந்த மாதிரிதாங்க பிடிக்கும்." ரீஃபண்ட் என்றதும், "டிராஃப்ட் குடுத்தாச்சுங்களே, ரசீதுக்குப் பின்னாடி பாருங்க." பார்த்தேன். எறும்பு எழுத்தில் இருக்கிறது. கடைசியில் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

எல்லாம் என் சொந்த எழுத்து என்று காமன் ஆப்பில் கையெழுத்துப் போடுவது பிள்ளைதான், இவர்கள் இல்லை. பொய் என்று தெரிந்தால் கிடைத்த சீட்டும் போகலாம். ஏஐ எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பதையும் 2023-லிருந்து மோசடி என்றே காமன் ஆப் விதியில் சேர்த்திருக்கிறார்கள். முன்கூட்டியே போடுகிற எர்லி அப்ளிகேஷன் பல காலேஜுக்கு நவம்பர் 1-ல் முடிகிறது. இவள் இப்போது முதலிலிருந்து எழுதுகிறாள், தனியாக.

என்னென்ன கேட்டுச் சேர வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தமாகக் கட்டாதீர்கள். எஸ்ஸேயைப் படித்துத் திருத்தப்போவது யார் என்று கேட்டு, அந்த ஆளோடு பேசிவிட்டுக் கட்டுங்கள். "நாங்களே எழுதித் தர்றோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை நான் விடுவதாக இல்லை. எங்களை மாதிரி மாட்டினவங்க இன்பாக்ஸுக்கு வாங்க, ரசீதை எடுத்துட்டு வாங்க. சேர்ந்து புகார் குடுப்போம்.