200 பேர் டீம் மீட்டுக்கு நாங்க எடுத்த ஓட்டல் ஹால் எப்படி இருந்துச்சு

எங்க தேவை இதுதான். கிட்டத்தட்ட 200 பேர், ரெண்டு நாள், பாதி பேர் வேற ஊர்ல இருந்து வரணும். ஒரு கன்வென்ஷன் சென்டர், ஊருக்கு வெளிய ஒரு ரிசார்ட், ஒரு ஓட்டல்னு மூணும் பாத்துட்டு கடைசில ஓட்டல எடுத்தோம். பேர் போடல, நான் சொல்லப்போற விஷயம் எல்லாம் இந்த மாதிரி எந்த ஓட்டலுக்கும் பொருந்தும்.

கன்வென்ஷன் சென்டர் ஆயிரக்கணக்குல ஆள் வர்ற நிகழ்ச்சிக்குத்தான் சரி, 200 பேர் அதுல ஒரு மூலைல உக்காந்திருப்போம், அதுக்கு மேல மைக்குக்கு ஒருத்தர் சாப்பாட்டுக்கு ஒருத்தர்னு தனித்தனியா ஆள் பிடிக்கணும். ரிசார்ட் பாக்க ரொம்ப அழகு, ஆனா சாயந்திரம் வீட்டுக்கு போயே ஆகணும்ங்கறவங்க, சின்ன குழந்தை இருக்கறவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்க? அவங்கள விட்டுட்டு டீம் மீட் நடத்துறதுல எனக்கு துளியும் விருப்பம் இல்ல.

இப்ப ஹாலுக்கு வருவோம். 350 பேர் உக்காரலாம்னு போட்டிருந்தாங்க. இந்த நம்பர அப்படியே நம்பாதீங்க, அது தியேட்டர் மாதிரி வெறும் சேர வரிசையா போட்டா வர்ற கணக்கு, ஆளுக்கு சுமாரா 10 சதுர அடி. வட்ட டேபிள் போட்டு பேச விடணும்னா கணக்கே மாறிடும். 5 அடி டேபிள்ல தாராளமா 8 பேர், சேரு நடக்குற வழி எல்லாம் சேத்தா ஒரு டேபிளுக்கு 100 சதுர அடிக்கு பக்கத்துல போயிடும். எங்க ஹால் 3,500 சதுர அடி, 25 டேபிள் போட்டதும் மிச்சம் இருந்த எடத்துல ஸ்டேஜ், ஸ்க்ரீன், பின்னாடி டீ டேபிள், அவ்ளோதான். யாரும் ஸ்டேஜுக்கு முதுகு காட்டாம அரை வட்டமா 6 பேர் வச்சா 34 டேபிள் வேணும், அது உள்ளயே போகாது. அதனால போன் பண்ணும்போதே "வட்ட டேபிள், ஸ்டேஜோட சேத்து எத்தன பேர்"னு கேளுங்க, ப்ளான் வரைஞ்சு அனுப்ப சொல்லுங்க. இவங்க அன்னைக்கே அனுப்பிட்டாங்க, தூண் எங்க இருக்குன்னு கூட குறிச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு சபாஷ்.

பெரிய குறை நடுவுல இருக்குற மடக்கு பார்டிஷன். நாங்க எடுத்த 3,500 சதுர அடி ஒரு பெரிய ஹால்ல பாதிதான், அடுத்த பாதில வேற கம்பெனி. பேச்சு சத்தத்த பார்டிஷன் ஓரளவு தடுத்துச்சு, ஆனா மதியம் அந்த பக்கம் ஸ்பீக்கர போட்டதும் பேஸ் மட்டும் தும் தும்னு இங்க வந்துடுச்சு, புதுசா சேந்த பொண்ணு மைக் பிடிச்சு பேசிட்டு இருக்கு, முன்னாடி டேபிள்ல இருந்தவங்களே காத கிட்ட கொண்டுபோனாங்க. மேனேஜர் ஓடிப்போய் கொறைக்க சொன்னாரு, பத்து நிமிஷத்துல மறுபடியும் அதே கதை. அந்த பக்கம் யாரு வர்றாங்க, மைக் செட் உண்டான்னு முன்னாடியே எழுத்துல வாங்கிக்கோங்க.

வைஃபை நல்லா இருந்துச்சு. 200 பேர்னா போன் லேப்டாப்னு 400 கனெக்‌ஷன் வரும், ஸ்பீட் எவ்ளோன்னு மட்டும் கேட்டா போதாது, ஹாலுக்குள்ள எத்தன ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் குடுக்குற பெட்டி) இருக்குன்னும் கேக்கணும். ஏசியும் ஓகே, ஆனா வெளிக்காத்து உள்ள வருதான்னு பாருங்க, மூடுன ஹால்ல கார்பன் டை ஆக்சைடு ஏறுனா மதியத்துக்கு மேல எல்லாருக்கும் கண்ணு சொருகிடும்.

நான் இந்த எடத்த மனசார சிபாரிசு பண்றதுக்கு காரணம் லாபிதான். ஹாலுக்கு வெளியவே, பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், நின்னுட்டே பேசற மாதிரி உசரமான டேபிள், ஓரமா சோபா. வருஷக்கணக்கா சாட்லயே வேலை பாத்த ரெண்டு பேர் அங்கதான் மொத தடவை நேர்ல பாத்து, ரொம்ப நாளா இழுத்துட்டு இருந்த ஒரு ரிலீஸ் பிரச்சனைய பேசி முடிச்சாங்க. இத்தன பேர செலவு பண்ணி கூட்டிட்டு வர்றதே இதுக்குத்தானே, ஸ்லைடு பாக்கணும்னா வீடியோ கால் போதுமே. ப்ரேக்க 15 நிமிஷத்துல இருந்து 30 ஆக்கிட்டோம், 200 பேர் டீ வாங்கி பாத்ரூம் போயிட்டு வரவே 15 நிமிஷம் பத்தாது.

கான்ட்ராக்ட்ல ரெண்டு வரி மட்டும் கவனமா படிங்க. புக் பண்ண ரூம்ல எத்தன சதவீதம் வரைக்கும் பணம் கட்டாம கொறைச்சுக்கலாம், எந்த தேதிக்குள்ள சொல்லணும். இவங்க 20 சதவீதம் வரைக்கும் ஒத்துக்கிட்டாங்க, கடைசி நேரத்துல வர முடியாதவங்க இருந்ததால அது ரொம்ப உதவுச்சு.

5க்கு 4 குடுக்கறேன். அடுத்த தடவையும் இங்கதான், ஆனா ரெண்டு பாதியும் சேத்து முழு ஹாலா குடுத்தா மட்டும். ஸ்டேஜுக்கு சாய்தளம் வேணும்னும் கேட்டிருக்கோம், படி மட்டும்தான் இருக்கு, எங்க டீம்ல வீல்சேர்ல வர்றவர் கீழ இருந்தே பேச வேண்டியதா போச்சு.