பாலக்காடு பக்கம் ஒரு பெண்கள், குழந்தைகள் உதவி மையம்: ஐந்துக்கு மூன்றரை

மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே போகிற பெண்களும் பிள்ளைகளும் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடக் கூடாது, பிள்ளைகளின் பராமரிப்பு, பாதுகாப்பு பற்றிய இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்து ஆட்கள் வீட்டில் அடி உதை என்று வந்தால் போகக்கூடிய இடங்களில் இதுவும் ஒன்று, அது போதும். எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் துணையாகப் போனேன். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் சின்ன மகள் இருக்கிறாள். அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே நிற்க வைத்து நாலு பேர் காதில் விழும்படி "என்னம்மா பிரச்சினை" என்று கேட்கவில்லை. தனி அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, டீ வாங்கிக் கொடுத்து, பாப்பாவை வேறு ஒரு மேடத்தோடு கலர் பென்சிலும் பேப்பருமாக உட்கார வைத்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்கள். முதல் கேள்வியே "இன்னிக்கு ராத்திரி எங்க படுப்பீங்க, அங்க பயமில்லாம இருக்க முடியுமா" என்பதுதான். கவுன்சலர் ஒரு தடவைகூட "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று சொல்லவில்லை. வேறு இடங்களில் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத் திரும்பி வந்தவர் அக்கா, அதனால் இதற்கே நான் ஒரு முழு ஸ்டார் தருவேன்.

வக்கீலும் அங்கேயே கிடைத்தார், காசு இல்லை. 1987ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. நம் எல்லையோர ஆட்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. அக்காவின் அம்மா வீடு பொள்ளாச்சி பக்கம். செக்போஸ்ட் தாண்டி அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் கேரளாவில் கேஸ் நிற்காது, இங்கே வாங்கிய கோர்ட் ஆர்டர் அங்கே செல்லாது என்று புருஷன் வீட்டார் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இன் 27வது பிரிவைக் காட்டி வக்கீல் அந்தப் பயத்தைப் போக்கினார். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் மனு போடலாம், ஆர்டர் இந்தியா முழுக்கச் செல்லும்.

இனி ஒன்றரை ஸ்டார் போன இடம். மையத்து அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதிய அறிக்கை முழுக்க மலையாளத்தில் இருந்தது. அக்காவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்கள், நான் வாங்கிப் படித்தேன். "குழந்தையைத் தாய் தொடர்ந்து வன்முறைச் சூழலில் வைத்திருந்துள்ளார், கவனிப்பில் குறைபாடு காணப்படுகிறது" என்று அர்த்தம் வரும்படி ஒரு வரி. அடித்தவரைப் பற்றி எழுதியிருந்தது "தந்தைக்குக் குடிப்பழக்கம் உண்டு" என்பது மட்டும்தான்.

எனக்குக் கை நடுங்கியது. அந்த மனிதர் குடித்துவிட்டு வருகிற சத்தம் தெருமுனையில் கேட்டதும், அக்கா பின்வாசல் வழியாகப் பாப்பாவை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், மறுநாள் ஸ்கூலுக்கு வேண்டிய பையோடும் யூனிஃபார்மோடும். அதற்குப் பிறகு அவர் மட்டும் அடி வாங்குவார். பாப்பா ஸ்கூலுக்கு மட்டம் போட்டதில்லை, தடுப்பூசி ஒன்றும் விட்டதில்லை, தலை வாராமல் நான் பார்த்ததே இல்லை. இதில் ஒரு வார்த்தைகூட அறிக்கையில் வரவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. வந்த அதிகாரி கெட்டவர் இல்லை, பாப்பா ராத்திரி தூக்கத்தில் அலறுவதையும் படுக்கையை நனைப்பதையும் உண்மையான கவலையோடு குறித்திருந்தார். அடிதடியைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அது கேடு என்பதை நானும் மறுக்கவில்லை, கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் அந்தக் கேட்டை உண்டாக்கியவர் யார், அதைத் தடுக்கப் பார்த்தவர் யார் என்று பிரித்து எழுதாத அறிக்கை, நாளைக்குப் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழுவின் மேசைக்குப் போனால் என்ன ஆகும்? இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 2(14) பிரிவில் பெற்றோர் தகுதியற்றவர் என்று குழு கண்டால் பிள்ளை "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" ஆகிவிடும். 75வது பிரிவு வேண்டுமென்றே செய்யும் புறக்கணிப்புக்கு 3 வருடம் வரை சிறை என்கிறது. அடி வாங்கியதை வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு என்று எந்த மனசாட்சியோடு சொல்ல முடியும்? பிள்ளையைக் காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 3வது பிரிவிலும் இருக்கிறதே.

இது நம் ஊர்க் குழப்பம் மட்டும் இல்லை என்று அந்த வக்கீல்தான் சொன்னார், அப்புறம் நானும் தேடிப் படித்தேன். நியூயார்க்கில் 1999இல் ஒரு பெண்ணை அவருடைய பழைய துணைவர் கையை உடைக்கிற அளவுக்கு அடித்துவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் போனார். அப்படியும் பிள்ளைகளை அரசு எடுத்துக்கொண்டது, தாய்மீதே புறக்கணிப்புப் புகார் போட்டது. அவரையும் அவரைப் போன்ற தாய்மார்களையும் சேர்த்து நடந்ததுதான் நிக்கல்சன் வழக்கு. 2004 அக்டோபரில் அந்த மாநிலத்தின் உச்ச அப்பீல் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜூடித் கே எழுதிய தீர்ப்பு தெளிவாகச் சொன்னது: தாய் அடிபட்டார், பிள்ளை அதைப் பார்த்தது, இவ்வளவு மட்டும் இருந்தால் தாய் புறக்கணித்தார் என்று முடிவுகட்ட முடியாது. பிள்ளைக்கு உண்மையில் கேடு நேர்ந்ததா, நேரும் ஆபத்து உடனடியாக இருக்கிறதா, அந்த நிலைமையில் இருக்கும் ஒரு தாய் எடுக்கக்கூடிய குறைந்தபட்ச அக்கறையையாவது அவர் எடுத்தாரா என்று பார்க்க வேண்டும், தாயிடமிருந்து பிரிப்பதால் பிள்ளைக்கு வரும் கேட்டையும் எடைபோட வேண்டும். இன்னொரு அமெரிக்க மாநிலமான மின்னசோட்டாவில் 1999இல், பிள்ளை வன்முறையைப் பார்த்தாலே புறக்கணிப்பு என்று சட்டத்தைத் திருத்தினார்கள், புகார்கள் சமாளிக்க முடியாமல் குவிந்து அடுத்த வருடமே பின்வாங்கினார்கள்.

எங்கள் பக்கம் ரேஷன் கடை வரிசையில் இப்போதே பேச்சு உண்டு: "வாயைத் திறக்காத, பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்க." மையத்தில் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இப்படி ஒரு வரி வெளியே தெரிந்தால் அடுத்த பெண் அந்தப் படியை மிதிக்கவே மாட்டாள், அவள் பிள்ளை இன்னும் பல வருடம் அதே சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கும்.

சரி, என்ன நடந்தது என்றால், வக்கீல் எடுத்துச் சொன்னதும் பொறுப்பில் இருந்த மேடமே வந்து உட்கார்ந்து, தெருக்காரர்களிடமும் டீச்சரிடமும் கேட்டு, அறிக்கையைத் திருத்தி எழுதினார். புது அறிக்கையில் யார் அடித்தது, தாய் என்னென்ன செய்தார் என்று தனித்தனியாக இருந்தது. மறுக்காமல் திருத்தியதால்தான் இரண்டுக்கு இறக்காமல் மூன்றரையில் நிறுத்தினேன். மனு போட்டால் வழக்கமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, எங்களுக்கு அதைவிடத் தள்ளித்தான் கிடைத்தது. ஆனால் இடைக்கால ஆர்டர் வந்துவிட்டது. அந்த மனிதர் வீட்டுப் பக்கமும் பாப்பாவின் ஸ்கூல் பக்கமும் வரக் கூடாது, பாப்பா அம்மாவோடுதான்.

போகிறவர்களுக்கு: ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, ஸ்கூல் வருகை விவரம் எல்லாம் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் காப்பாற்ற நீங்கள் செய்ததை, அது எவ்வளவு சின்னதாகத் தோன்றினாலும், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லி எழுத வையுங்கள். சித்தூர் தாலுகா மாதிரி மொழிச் சிறுபான்மைப் பகுதி அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும், 1969ஆம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தந்த உரிமை அது. படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் அவசரம் என்றால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098.